விண்மீன் ஒளி பயின்ற வைணு பாப்பு

வாணியம்பாடியில் மாலை மழை பெய்து ஓயும் வேளையில் கீழ்வானை நோக்குவோர்க்கு ஓர் இனிய காட்சி கிடைப்பதுண்டு. மேற்கே முகிலின் இடுக்கிலிருந்து கதிரவன் எட்டிப் பார்ப்பான். கிழக்கே மழை இன்னும் விடாது பெய்துகொண்டிருக்கும். அம்மழைத் திரையின்மேல் வண்ணவில்லொன்று வளைந்து நிற்கும். அதன் தென்முனை சவ்வாது மலைத்தொடரில் ஊன்றியிருப்பது போலத் தோன்றும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலிருந்து வீடு திரும்புவோரும், பள்ளி விட்டு வரும் சிறுவரும் சிறிது நேரம் நின்று அதனைக் கண்டு களித்துச் செல்வர். வில்லின் முனை ஊன்றியதாகத் தோன்றும் அம்மலையிலேதான் காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. வானவில்லில் ஒளி எவ்வாறு நிறம் நிறமாகப் பிரிகின்றதோ, அவ்வாறே விண்மீன்களின் ஒளியைப் பிரித்துப் பயில்வதற்கென அவ்வூரில் வானாய்வு நிலையம் ஒன்று அமைந்துள்ளது. அந்நிலையத்தை நிறுவியவர் வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞர்.

அவருடைய பணியை உணர்ந்துகொள்ள வேண்டுமாயின், வானவில் தோன்றும் முறையை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். கதிரவனின் வெள்ளொளி ஒரு நிறம் உடையதன்று. பல நிறங்கள் கலந்தது. அவ்வொளி மழைத்துளியினுள் புகும்போது சற்றே வளைகிறது. துளியின் பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது. மீண்டும் துளியை விட்டு வெளியேறும்போது இன்னொரு முறை வளைகிறது. எல்லா நிறங்களும் ஒரே அளவு வளைவதில்லை. ஊதா மிகுதியாக வளையும். சிவப்புக் குறைவாக வளையும். ஆகையால், கதிரவனுக்கு நேர் எதிரான திசையிலிருந்து ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில் உள்ள துளிகளிலிருந்து சிவப்பும், 40 பாகைக் கோணத்தில் உள்ள துளிகளிலிருந்து ஊதாவும் நம் கண்ணை வந்து அடைகின்றன. சிவப்பு வில்லின் வெளி ஓரத்திலும் ஊதா உள் ஓரத்திலும் அமைவது இதனாலேயே ஆகும். கதிரவன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் வில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். பாலாற்றங்கரை ஊர்களில் எம்மாதத்து நண்பகலிலும் கதிரவன் அவ்வுயரத்தைக் கடந்தே நிற்பான். எனவே அங்கு உச்சிவேளையில் வானில் வில் தோன்றுவதே இல்லை. அருகருகே நிற்கும் இருவர் காணும் வில்லும் ஒன்றன்று. ஒருவர் கண்ணுக்கு ஒளி அனுப்பும் துளிகள் வேறு. மற்றவர் கண்ணுக்கு அனுப்பும் துளிகள் வேறு. அவரவர்க்கு அவரவர் வில்!

வானவில்லில் நிறங்கள் ஏழு என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலப் பேரறிஞர் நியூட்டனால் நிலைபெற்றது. அவர் 1666ஆம் ஆண்டளவில் முப்பட்டகக் கண்ணாடி ஒன்றைக் கொண்டு கதிரவன் ஒளியை இருட்டறைக்குள் பிரித்துக் காட்டினார். உண்மையில் நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து செல்கின்றனவேயன்றி, அவற்றுக்கிடையே வரப்பு எதுவும் இல்லை. அவ்வாறு பிரிந்து தோன்றும் வண்ணப் பட்டைக்கு நிறமாலை என்று பெயர். செருமானிய நாட்டுக் கண்ணாடித் தொழில் வல்லுநரான பிரான்ஃகோபர் 1814ஆம் ஆண்டில் கதிரவனின் நிறமாலையை நுணுகி ஆராய்ந்தார். அதன் குறுக்கே நூற்றுக்கணக்கான மெல்லிய கரிய கோடுகள் ஓடுவதைக் கண்டு, அவற்றுள் முதன்மையானவற்றுக்கு எழுத்துகளைப் பெயராக இட்டார். அக்கோடுகள் ஏன் தோன்றுகின்றன என்பதை 1859ஆம் ஆண்டில் கிர்க்காஃப், புன்சன் என்னும் அறிஞர் இருவர் விளக்கினர். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களை மட்டும் உமிழும். அந்நிறங்களையே விழுங்கவும் செய்யும். ஆகவே, ஒரு கரிய கோட்டின் இருப்பிடத்தைக் கண்டால், ஒளியின் வழியில் இருந்து அதை விழுங்கிய பொருள் இன்னது என்று சொல்லிவிடலாம்.

நிறமாலையின் ஊதா ஓரத்தில், கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு அருகே, அகன்ற கரிய கோடுகள் இரண்டு உள்ளன. அவற்றுள் ஒன்றைக் கே வரி என்பர். அது கால்சியம் என்னும் தனிமத்தின் கைவரிசை. கால்சியம் வேறெங்கோ உள்ள அரும்பொருள் அன்று. சுண்ணாம்பில் இருப்பது அதுவே. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மயிர் நீங்கும் பொருட்டுத் தோல்களை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிகளில் உள்ள அதே தனிமம், கதிரவனிலும் எண்ணற்ற விண்மீன்களிலும் ஆவியாய்ச் சுடர்கின்றது. வைணு பாப்புவின் பெயரை உலகறியச் செய்தது இந்தக் கே வரியேயாகும்.

மணாலி கல்லாட்டு வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவர் குடும்பம் மலையாள நாட்டுக் கண்ணூரைச் சேர்ந்தது. தந்தையார் ஐதராபாத்தில் நிசாமியா வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்தவர். ஏனைய சிறுவர்க்குத் தொலைநோக்கி என்பது படத்தில் மட்டும் காணும் பொருளாக இருந்த அக்காலத்தில், வைணு பாப்புவுக்கு அது தந்தையாரின் அன்றாடத் தொழிற்கருவியாக இருந்தது. தந்தையார் இரவில் விழித்திருந்து வானை நோக்குவதைக் கண்டு வளர்ந்த மகனுக்கு வேறு தொழிலில் மனம் செல்லவில்லை. ஐதராபாத்து நிசாம் கல்லூரியில் பயின்ற நாளிலேயே, ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் மாறொளி விண்மீன்களை நோக்கி ஆய்வுக் குறிப்புகள் வெளியிடத் தொடங்கினார்.

ஐதராபாத்து அரசு அளித்த உதவித்தொகையைப் பெற்று, 1949ஆம் ஆண்டில் அவர் அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்குச் சென்ற சில திங்களுக்குள் ஒரு வியப்பான நிகழ்ச்சி நேர்ந்தது. இரவு வானை ஒளிப்படம் பிடித்த தகடு ஒன்றை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, விண்மீன்களுக்கிடையே புதியதொரு பொருளின் சுவடு தென்பட்டது. ஆசிரியர் பாக் என்பாரும் உடன் பயின்ற நியூகர்க் என்பாரும் அதனைச் சரிபார்க்க, அது அதுவரை எவரும் அறியாத வால்மீன் என்பது உறுதியாயிற்று. அவ்வால்மீன் பாப்பு-பாக்-நியூகர்க் வால்மீன் என்று மூவர் பெயராலும் வழங்கலாயிற்று. இதற்காகப் பசிபிக் வானியற் கழகம் அவருக்குப் பதக்கம் அளித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. ஆயினும் இதனை அவருடைய பெருஞ்செயலாகக் கொள்ளல் பொருந்தாது. வால்மீன் கண்டவர் பலர் உளர். விழிப்போடு நல்லூழும் அதற்கு வேண்டும். அவர் செய்த பெருஞ்செயல் பின்னர் வருவது.

1952இல் முனைவர் பட்டம் பெற்றபின், அவர் கலிபோர்னியாவில் உள்ள பாலோமார் மலைக்குச் சென்றார். உலகிலேயே மிகப் பெரிய தொலைநோக்கி அந்நாளில் அம்மலையில்தான் இருந்தது. அதன் ஆடியின் விட்டம் 200 அங்குலம். அங்கே ஆலின் வில்சன் என்னும் மூத்த அறிஞரோடு சேர்ந்து விண்மீன்களின் நிறமாலையை ஆராயும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

அவ்வாராய்ச்சி எதற்காக என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அமாவாசை இரவில் மலைச்சரிவில் ஓர் ஒளிப்புள்ளி தெரிகிறது என்று கொள்வோம். அது அருகில் எரியும் அகல்விளக்கா, தொலைவில் எரியும் பெருந்தீயா என்று எப்படி அறிவது? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அளவை மட்டும் கொண்டு இதற்கு விடை காண முடியாது. விளக்கின் உண்மை ஆற்றல் தெரிந்தால் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். தொலைவு தெரிந்தால் ஆற்றலைக் கணக்கிடலாம். இரண்டும் தெரியாவிடில் திகைக்க வேண்டியதுதான். விண்மீன்களைப் பொறுத்தவரையில் வானியலார் நெடுங்காலம் பட்ட திகைப்பு இதுவே.

கதிரவனைப் போன்றவையும் அதனினும் வெப்பம் குறைந்தவையுமான விண்மீன்களின் நிறமாலையில், கே வரியின் கரிய பட்டைக்கு நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தோன்றுவதுண்டு. கரிய கரைத்துணியின் நடுவே ஓர் இழை வெள்ளி ஓடுவது போல அது காணப்படும். விண்மீனின் புறத்தே சூழ்ந்துள்ள வெப்ப மிக்க படலத்தில் உள்ள கால்சிய அணுக்கள் உமிழும் ஒளி அது. வில்சனும் பாப்புவும் அவ்வொளிக்கோட்டின் அகலத்தை விண்மீன்தோறும் அளந்தனர். அளந்து ஒப்பிட்டபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. உண்மை ஒளி மிகுந்த விண்மீனில் கோடு அகன்றிருந்தது. ஒளி குறைந்த விண்மீனில் ஒடுங்கியிருந்தது. ஒரு விண்மீன் மற்றொன்றைவிட 64 மடங்கு ஒளி மிக்கதாயின், அதன் கோடு ஏறத்தாழ 2 மடங்கு அகலம் உடையதாக இருந்தது. பத்து இலட்சம் மடங்கு ஒளி வேறுபாடு இருப்பின், கோட்டின் அகலம் ஏறத்தாழ 10 மடங்கு வேறுபட்டது. கோடு பளிச்சென்று தெரிகிறதா, மங்கித் தெரிகிறதா என்பது ஒரு பொருட்டாகவே இல்லை; அகலம் ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆகவே, கோட்டின் அகலத்தை அளந்தால் விண்மீனின் உண்மை ஒளி தெரியும். உண்மை ஒளி தெரிந்தால் தொலைவு தெரியும். 1957ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. வில்சன்-பாப்பு விளைவு என்ற பெயரால் வானியல் நூல்களில் அஃது இடம்பெற்றுள்ளது.

முடிவு வெளிவந்த ஆண்டில் பாப்பு பாலோமார் மலையில் இல்லை. 1953ஆம் ஆண்டிலேயே அவர் தாய்நாடு திரும்பிவிட்டார். அமெரிக்காவிலேயே இருந்திருப்பின், உலகின் பெருந்தொலைநோக்கிகள் அவர் கைக்கு எட்டும் தொலைவில் இருந்திருக்கும். இந்தியாவிலோ, விண்மீன் ஒளியைப் பிரித்துப் பயிலத்தக்க பெரிய தொலைநோக்கி ஒன்றுகூட அந்நாளில் இல்லை. அவர் துறந்து வந்தது எத்தகைய வாய்ப்பு என்பது இவ்விரண்டையும் ஒப்பிட்டால் விளங்கும். உத்தரப் பிரதேச அரசு காசியில் தொடங்கிய வானாய்வு நிலையத்தின் தலைமையை அவர் ஏற்றார். சமவெளியின் புழுதியும் புகையும் வானை மறைக்கும் என்று கண்டு, அந்நிலையத்தை இமயமலைச் சாரலில் உள்ள நைனிதாலுக்கு மாற்றுவித்தார்.

1960இல் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தின் இயக்குநர் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்நிலையத்தின் வரலாறு நீண்டது. 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பெற்ற வானாய்வு நிலையத்தின் வழிவந்தது அது. ஒளியைப் பிரித்துப் பயிலும் கலைக்குத் தென்னாடு புதியதும் அன்று. 1868ஆம் ஆண்டு நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, பிரெஞ்சு அறிஞர் சான்சென் குண்டூரில் தங்கிக் கதிரவன் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளின் நிறமாலையை ஆராய்ந்தார். கொடைக்கானலிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கே வரியின் ஒளியைக் கொண்டே கதிரவனைப் படம் பிடித்து வந்தனர். எனினும் அந்நிலையம் கதிரவனை ஆராய்வதற்கென்று ஏற்பட்டது. விண்மீன்களின் மங்கிய ஒளியைப் பயிலப் போதிய கருவிகள் ஆங்கு இல்லை. முகில் சூழும் இரவுகளும் மிகுதி.

ஆகவே, இருண்டு தெளிந்த வானம் எங்குள்ளது என்று பாப்பு தேடத் தொடங்கினார். தென்னிந்தியாவில் ஓரிடம் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வட நாடுகளில் உள்ள தொலைநோக்கிகளுக்குத் தென்வானத்து விண்மீன்கள் பல புலப்படுவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ள இடத்திலிருந்து நோக்கினால் வடவானத்தையும் தென்வானத்தின் பெரும்பகுதியையும் ஒருங்கே காணலாம். பல இடங்களை ஆராய்ந்தபின், அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்துச் சவ்வாது மலையில் இருந்த காவலூரை அவர் தேர்ந்தார். 2019ஆம் ஆண்டு முதல் அது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரம். ஏறத்தாழ 12½ பாகை வட அகலாங்கு. சுற்றிலும் சந்தன மரங்களும் பிறவும் அடர்ந்த காடு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக அங்குச் செல்லலாம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களின் விளக்கொளியை மலைகள் தடுத்து நின்றன. இரவு வந்தால் அங்கு விண்மீன்களன்றி வேறு விளக்கு இல்லை என்னும் நிலையே பாப்புவின் மனத்தை ஈர்த்தது.

1968ஆம் ஆண்டில் காவலூரில் முதல் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதன் ஆடியின் விட்டம் 38 சென்டிமீட்டர். பாலோமார் ஆடியின் விட்டத்தில் அது பதின்மூன்றில் ஒரு பங்கு. உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியில் பழகிய கை, இச்சிறு கருவியைக் கொண்டு காட்டில் வேலையைத் தொடங்கியது. ஆனால், அது விலைக்கு வாங்கிய கருவி அன்று. தம் நிலையத்தின் பட்டறையிலேயே செய்வித்தது. 1972இல் செருமனியின் செய்சு தொழிலகத்திலிருந்து 1 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வந்து சேர்ந்தது. வந்த ஆண்டே அதற்கு நல்ல வேட்டை கிடைத்தது. வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடு ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது, அவ்விண்மீனின் ஒளி மங்கிய பாங்கைக் காவலூரில் அளந்தனர். அத்துணைக்கோளைச் சுற்றி மிக மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்னும் குறிப்பு அவ்வளவையிலிருந்து கிடைத்தது. 1977ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்ச்சியையும் காவலூரில் நோக்கினர். சனிக்கு உள்ளது போல யுரேனசுக்கும் வளையங்கள் உண்டு என்பது வெளிப்பட்ட நிகழ்ச்சி அதுவே. அமெரிக்க அறிஞர்கள் வானூர்தியில் பறந்துகொண்டே கண்டதைச் சவ்வாது மலைக்காட்டில் இருந்தோரும் தம் கருவியில் பதிவு செய்தனர்.

1971இல் கொடைக்கானல் நிலையமும் காவலூர் நிலையமும் இணைந்து இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி நிறுவனமாயின. அதன் தலைமையும் பாப்புவிடமே இருந்தது. பின்னர்ப் பெங்களூர் அதன் தலைமையிடமாயிற்று. ஆயினும் அவர் மனம் நிறைவு கொள்ளவில்லை. மிக மங்கிய விண்மீனின் ஒளியை நிறமாலையாக விரித்தால், உள்ள சிறிது ஒளியும் பட்டை முழுதும் பரவி மேலும் மங்கிவிடும். ஒரு குவளைப் பாலை ஒரு குடம் நீரில் கலந்தது போலாகிவிடும். அதற்கு மாற்று ஒன்றே: பேராடி கொண்டு மிகுந்த ஒளியைத் திரட்டுதல். 2.34 மீட்டர், அதாவது ஏறத்தாழ 7 அடி 8 அங்குல விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கியை அமைக்க அவர் திட்டமிட்டார்.

அதனை அயல்நாட்டில் முழுமையாகச் செய்வித்து வரவழைத்திருக்கலாம். வேலையும் விரைவில் முடிந்திருக்கும். பாப்பு அதற்கு இசையவில்லை. கண்ணாடிக் கட்டி மட்டும் செருமனியிலிருந்து வந்தது. அதனை அரைத்துத் தீட்டி மெருகேற்றும் பணி பெங்களூரில் நடைபெற்றது. இதனை எளிய வேலை என்று எண்ணிவிடலாகாது. ஆடியின் பரப்பு, ஒளியலையின் நீளத்தில் ஒரு சிறு பங்கு அளவுகூடப் பிசகக் கூடாது. சிறிது தீட்டுவர், நிறுத்துவர், சோதிப்பர், மீண்டும் சிறிது தீட்டுவர். இவ்வாறு ஆண்டுகள் கழிந்தன. ஆடியைத் தாங்கும் பெரும் இரும்புக் கட்டமைப்பும் நம் நாட்டிலேயே உருவாயிற்று. பொறுமை இழந்தவர் சிலர் இருந்திருக்கக் கூடும். வாங்கிவிட்டால் கருவி மட்டுமே கிடைக்கும், செய்துவிட்டால் செய்யும் திறனும் கிடைக்கும் என்பதே பாப்புவின் கொள்கை.

இதற்கிடையில் புகழ் அவரைத் தேடி வந்தது. 1970இல் பட்நாகர் பரிசும் 1981இல் பத்மபூசண் விருதும் அவருக்கு அளிக்கப்பெற்றன. 1979இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. உலக நாடுகளின் வானியலார் அனைவரும் கூடும் அவ்வொன்றியத்தின் பேரவை 1982 ஆகத்துத் திங்களில் கிரேக்க நாட்டுப் பத்ரா நகரில் கூடுவதாக இருந்தது. அதற்குத் தலைமை தாங்க வேண்டியவர் வைணு பாப்பு. ஆனால், அவருடைய இதயம் நோயுற்றிருந்தது. செருமனியின் மியூனிக்கு நகரில் அவருக்கு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. பேரவை பத்ராவில் கூடியிருந்த நாளிலேயே, ஆகத்து 19ஆம் நாள், அவர் மியூனிக்கில் உயிர் நீத்தார். ஐம்பத்தைந்து வயது நிறைந்து ஒன்பது நாள்களே ஆகியிருந்தன. காவலூரின் பெரிய தொலைநோக்கி அப்போது நிறைவு பெறவில்லை.

அவரிடம் பயின்றோரும் உடன் உழைத்தோரும் பணியை நிறுத்தவில்லை. 1985ஆம் ஆண்டின் இறுதியில் அப்பேராடி முதன்முதலாக விண்மீன் ஒளியைத் திரட்டியது. 1986ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், தலைமையமைச்சர் இராசீவ் காந்தி காவலூருக்கு வந்து, வானாய்வு நிலையத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். வானிலும் அவர் பெயர் உண்டு. 2596 என்னும் எண் கொண்ட சிறுகோள் வைணு பாப்பு என்று வழங்குகிறது.

தெளிந்த இரவுகளில் காவலூர்த் தொலைநோக்கியின் குவிமாடம் திறக்கும். பன்னூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்மீனை விட்டுப் புறப்பட்ட ஒளி அப்பேராடியில் விழுந்து குவியும். மயிரிழை போன்ற பிளவு ஒன்றின் வழியே அது நிறமாலைக் கருவிக்குள் நுழையும். அங்கே மழைத்துளிக்கு மாறாக முப்பட்டகமோ, நுண்கோடுகள் நெருங்கக் கீறிய தகடோ அவ்வொளியைப் பிரிக்கும். பாப்புவின் காலத்து ஒளிப்படத் தகடு இருந்த இடத்தில் இன்று மின்னணு உணர்கருவி இருந்து அதனைப் பதிவு செய்யும். ஒருபுறம் சிவப்பு, மறுபுறம் ஊதா, ஊதா ஓரத்தில் சுண்ணாம்பின் கரிய வரி, அதன் நடுவே மெல்லிய ஒளியிழை.